கொண்டச்சிக்குப் போகும் பாதையிலே...



பயணக் கட்டுரை என்றால் இஸ்தான்புல், கெய்ரோ என்று தூர தேசங்களைப் பற்றித்தான் இருக்க வேண்டுமா? இன்று நான் உங்களை ஒரு சின்னஞ்சிறிய ஊருக்கு அழைத்துப் போகப் போகிறேன். விசா வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம். ஒரு சிறிய லொறியின் முன் ஆசனத்தில், என் உம்மாவுக்கும் எனக்கும் நடுவே கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து கொண்டால் போதும். லொறியை ஓட்டுவது என் நானா. பின்னால் மூட்டை முடிச்சுகள், தகரங்கள், ஒரு கட்டில், நானாவின் மூத்த மகன். அவனோடு இரண்டு நாய்கள்!

"நாய்களா? முஸ்லிம் குடும்பத்துப் பயணத்திலா?" என்று நீங்கள் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன். பொறுமையாகக் கூட வாருங்கள். பாதை முடியும்போது உங்களுக்கே புரியும்.

எங்கே இருக்கிறது கொண்டச்சி?

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிறது எங்கள் ஊர். இன்று பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் கொண்டச்சிக் குடாவின் பெயர் லண்டன் வரை பேசப்பட்டது. காரணம் முத்து! ஆங்கிலேயர் இந்தக் கரையைக் கைப்பற்றிய புதிதில், 1796-ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் இங்கே நடந்த முத்துக் குளிப்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெரும் வருமானம் தேடிக் கொடுத்தது.

தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் உங்கள் முன்னோர்கள் சலாபத்துக்காகக் கடல் கடந்து இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் இந்த மணலில் கொட்டில் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். இரவில் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியும்போது முத்துப் பார்களை அடைந்துவிடும். நண்பகல் வரை குளிப்பு. பிறகு கடற்காற்றைப் பிடித்துக் கொண்டு கரைக்குத் திரும்பும். 1905-இல் எங்கள் பக்கத்து ஊரான மறிச்சுக்கட்டியில் முகாம் அமைத்து நடந்த குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அளவுக்கு மிஞ்சிய ஆசைதான்! அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே பார்கள் வறண்டு, கூட்டமும் கலைந்தது. முத்துக் குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்புக் கடற்கரையில் கட்டிய மாளிகை இன்று சிதைந்து, துண்டு துண்டாகக் கடலில் விழுந்து கொண்டிருக்கிறது.

முத்து போன பிறகு எங்களுக்கு எஞ்சியது மீனும் மந்தையும், குளத்து நீரில் விளையும் நெல்லும். அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஒக்டோபர்

மேல்நாடுகளில் ஒக்டோபர் மாதத்தை இலையுதிர் காலம் என்பார்கள். எங்களுக்கு அது மாரி தொடங்கும் காலம். வயலை உழுது பெரும்போகத்துக்கு விதைக்கும் காலம். அப்படியொரு ஒக்டோபரில்தான், 1990-இல், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் சில நாட்களுக்குள் சொந்த மண்ணை விட்டுப் போனார்கள். மன்னார் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தவர்கள் பலர் காட்டு வழியாகத் தெற்கு நோக்கி நடந்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. நினைவில் இருப்பது சிறு சிறு துண்டுகள்தான். தலையில் உடுப்பு மூட்டையோடு உம்மா. தோளில் தம்பியோடு வாப்பா. பின்னால் எங்கள் நாய், வீரன்.

வீரன் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஆட்டுப் பட்டியின் படலைக்கு வெளியேதான் படுப்பான். ஆனாலும் எங்களோடு புறப்பட்டு விட்டான். மறிச்சுக்கட்டி தாண்டி மோதரகம் ஆறு வரை வந்தான். அதன் பிறகு அவனைக் காணவில்லை. "வீட்டைப் பார்த்துக் கொள்ளத் திரும்பிப் போய்விட்டான்" என்று வாப்பா சொன்னார். பிள்ளைகள் நாங்கள் அதை நம்பினோம். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் படுத்திருந்த இரவுகளில், வீரன் எங்கள் வாசலில் காவல் இருக்கிறான் என்று நினைப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்படி மனிதரும் விலங்கும் பிரிவது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 2005-இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, மீட்க வந்த வாகனங்களில் நாய், பூனைகளுக்கு இடமில்லை என்றதால் வெள்ளத்தின் நடுவிலும் வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் பலர். அதைப் பார்த்த பிறகுதான், 2006-இல், இடர் காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. எங்களைத் துரத்திய அந்த ஒக்டோபரில் மனிதர்களுக்கே திட்டம் இல்லை. நாய்க்கு எங்கே இருக்கும்?

திரும்பியும் திரும்பாத வாழ்க்கை

2009 மே மாதம் போர் முடிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் ஊர் காடாகியிருந்தது. கிணறு தூர்ந்து, சுவர் இடிந்து, நடு வீட்டில் மரம் நின்றது. எது ஊர், எது காடு என்ற தகராறும் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லுப் பகுதி வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தங்கள் காணிகளும் அதற்குள் போய்விட்டன என்று முசலி மக்கள் போராடினார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்போர் மறுபக்கம் நின்றார்கள்.

ஆனால் சகோதரிகளே, வெளியில் சொல்லாத இன்னொரு சிக்கல் எங்கள் வீடுகளுக்குள்ளே இருந்தது. இருபது வருடத்தில் புத்தளத்தில் பிள்ளைகள் பிறந்து, படித்து, கலியாணமும் முடித்து விட்டார்கள். ஆகவே பலருக்கு இரண்டு வீடு. எங்களுக்கும் அப்படித்தான். கொண்டச்சியில் நானா இரண்டு அறையில் ஒரு வீடு எழுப்பினார். உம்மா போவார், இரண்டு நாள் இருப்பார், கிணற்றடியைக் கூட்டுவார், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவார். "அங்கே என்ன இருக்கு எனக்கு?" என்பார். புத்தளத்திலேயே மவுத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட வாப்பாவை நினைத்துச் சொல்கிறார் என்று நாங்கள் பேசாமல் இருந்து விடுவோம்.

பிறகு நானாவின் மகன் ஆடு வளர்க்கத் தொடங்கினான். நரி ஆட்டுக் குட்டிகளைத் தூக்கியது. பன்றி தோட்டத்தைக் கிளறியது. இரவில் யானையும் வந்தது. "காவலுக்கு நாய் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்றான். புத்தளத்தில் ஒரு தென்னந்தோட்டக்காரர் ஒரு வயதான இரண்டு நாட்டு நாய்களைக் கொடுத்தார். ஒன்று கறுப்பு, மற்றது செம்மண் நிறம். இவற்றை ஊருக்குக் கொண்டு போகும் பயணம்தான் இது. "நானும் வாறன்" என்று உம்மா தாமாகவே சொன்னது எல்லோருக்கும் ஆச்சரியம்.

நாயோடு நெடுந்தூரம்

புத்தளத்திலிருந்து எங்கள் ஊருக்கு நேர்ப்பாதை காட்டு வழிதான். எழுவன்குளம் தாண்டி வில்பத்து ஊடாகப் போவது. ஆனால் வில்பத்து 1938 முதல் தேசிய பூங்கா. வளர்ப்பு நாயை அதற்குள் கொண்டு போவது தகாது. நாயின் நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றினால் பெரும் நாசம். ஆகவே சுற்றுப் பாதை. அனுராதபுரம் போய், மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பி, செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன் என்று வர வேண்டும்.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவதாகத் திட்டம். மூட்டை கட்டி ஏற்றிப் புறப்படும்போது மணி பத்தாகிவிட்டது! அந்தத் தவறுக்கான தண்டனையை நாய்கள் அனுபவித்தன. நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக் கொள்ளும். அனுராதபுரத்துக்கு முன்பே செம்மண் நிறத்தவள் வாந்தி எடுத்து விட்டாள். நானா லொறியை மர நிழலில் நிறுத்தி, மேலே ஈரச் சாக்குப் போட்டார். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் வைத்தோம்.

நீங்களும் எப்போதாவது நாயைக் கொண்டு போக நேர்ந்தால் இவற்றைக் கவனியுங்கள். புறப்படும் முன் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள். பூட்டிய வாகனத்தில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், சில நிமிடங்களே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். கயிற்றைக் குட்டையாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பாய்ந்து தொங்கிவிடும். முக்கியமாக, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். இலங்கையில் அந்த ஊசி அரசாங்கத்தால் இலவசமாகவே போடப்படுகிறது.

முருங்கன் தேநீர்க் கடையில்

மடுச் சந்தி தாண்டியதும் காற்று மாறும். கட்டுக்கரைக் குளத்தின் ஈரம் முகத்தில் படும். இங்கிருந்து மன்னார் வயல்களெல்லாம் அந்தக் குளத்தை நம்பித்தான். உழுத வயல்கள் கறுப்பாக விதைப்புக்குக் காத்திருந்தன. வானத்திலும் மேகம் கட்டிக் கொண்டிருந்தது.

முருங்கனில் தேநீருக்கு நிறுத்தினோம். மருமகன் நாய்களை இறக்கி மரத்தடியில் கட்டினான். கடையில் இருந்த வயதான ஒருவர், உம்மாவின் முக்காட்டையும் நாய்களையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன பிள்ளை, நம்மட வீட்டுல நாய் வளர்க்கலாமா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, உண்மையான சந்தேகம்தான்.

நான் வாய் திறக்கும் முன் உம்மா சொன்னார். "வீட்டுக்குள்ள இல்ல காக்கா, பட்டிக்குக் காவல். ஆட்டுக்கும் பயிருக்கும் வைக்கத் தடையில்லையே. குகைவாசிகளோட வாசல்ல நாய் படுத்துக் கிடந்த கதை ஸூரத்துல் கஹ்புல இருக்குதானே?"

உம்மா சொன்னது சரியே. மந்தைக்கும் பயிருக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக் கொள்ள அனுமதி உண்டு. வீணாக வளர்ப்பதைத்தான் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்தார்கள். அதே நாயகம்தான், தாகத்தில் தவித்த ஒரு நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த ஒரு பாவியான பெண்ணுக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் நமக்கு அறிவித்தார்கள். எங்கள் பகுதியில் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். அதற்காகவே மருமகன் ஒரு தகர டப்பாவில் சுத்தமான மண் கொண்டு வந்திருந்தான். நாயைக் கவனிக்கத் தனிச் சட்டை, தனிச் செருப்பு, தனிப் பாத்திரம். சுத்தத்தைப் பேணலாம், இரக்கத்தையும் பேணலாம். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

பெரியவர் தலையாட்டினார். எழுந்து போய், தம் தட்டில் மீதமிருந்த ரொட்டியை நாய்களுக்குப் போட்டார்.

கடைசிப் பாதை

முருங்கனில் பிரதான வீதியை விட்டு சிலாவத்துறைப் பாதையில் திரும்பினோம். இதுதான் எங்கள் பயணத்தின் கடைசிப் பகுதி. வயல், பனங்கூடல், பற்றைக் காடு என்று மாறி மாறி வரும். அருவியாற்றைக் கடந்தபோது மழை பொட்டுப் பொட்டாக விழத் தொடங்கியது. அதுவரை சுருண்டு கிடந்த நாய்கள் இரண்டும் எழுந்து நின்று, கடல் காற்றை மோப்பம் பிடித்தன. அவற்றுக்கு இது தெரியாத ஊர். ஆனாலும் பாதை முடியப் போகிறது என்று எப்படியோ தெரிந்திருந்தது.

சிலாவத்துறை தாண்டித் தெற்கே திரும்பும்போதுதான் உம்மா பேசினார். பாதையைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னார்.

"வீரன் தானாத் திரும்பிப் போகல்ல மகள். வாப்பா கல்லெறிஞ்சு விரட்டினார்."

நானா லொறியின் வேகத்தைக் குறைத்தார்.

"ஆத்தங்கரையில. காட்டுக்குள்ள வந்தா புலி புடிச்சிரும், பிள்ளைகளுக்கே சாப்பாடு இல்ல, இதுக்கு எங்க போறதுன்னு... முதல் கல்லுக்குப் போகல்ல. ரெண்டாவது கல்லு பட்டிச்சு. அப்பவும் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்திச்சு. வாப்பா அன்றைக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல்ல."

பிறகு இன்னொன்றும் சொன்னார். மீளக் குடியேறிய காலத்தில், பக்கத்து ஊர்த் தமிழ் மூதாட்டி ஒருவர் உம்மாவைக் கண்டு கையைப் பிடித்துக் கொண்டு அழுதாராம். "நீங்க போன பிறகு உங்கட ஊர் நாய்கள் ராத்திரி ராத்திரியா ஊளையிட்டது. சிலது எங்கட பக்கம் வந்தது, கஞ்சி ஊத்தினம்" என்றாராம். அந்த மூதாட்டியின் குடும்பமும் 2007-இல் சண்டை வந்தபோது வீட்டை விட்டு ஓடியதுதான். கஞ்சி குடித்தவற்றில் வீரனும் இருந்தானா என்று உம்மா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்ததாம்.

இத்தனை வருடம் உம்மா ஏன் இரண்டு நாளில் பஸ் ஏறினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகள் நாங்கள் ஆறுதலுக்காக நினைத்துக் கொண்ட அந்த வாசல், உம்மாவுக்குக் கேள்வி கேட்கும் வாசலாக இருந்திருக்கிறது.

வாசலில்

அஸர் நேரத்தில் வீட்டை அடைந்தோம். நாய்கள் இறங்க மறுத்தன. பிடித்து இறக்கியதும் வாலைக் கால்களுக்குள் செருகிக் கொண்டு லொறிச் சக்கரத்துக்குக் கீழே பதுங்கின. மருமகன் அதட்டப் போனான். "விடு மகன், சத்தம் போடாத" என்றார் உம்மா. கிணற்றில் தாமே தண்ணீர் அள்ளி, ஓர் உடைந்த சட்டியில் ஊற்றி, சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத் தொழப் போனார். தொழுது திரும்பியபோது சட்டி காலியாக இருந்தது.

அன்றிரவு யானை வரவில்லை. வந்தால் நாய் குரைக்கும். ஆனால் அவிழ்த்து விடக் கூடாது. யானையைச் சீண்டிய நாய் பயந்து எஜமானிடமே ஓடி வரும், பின்னால் யானையும் வரும்! ஆகவே பட்டியருகே கட்டி வைத்தோம். விடியும் வரை இரண்டும் முனகிக் கொண்டே இருந்தன.

இரண்டாம் நாள் காலை நானாவும் நானும் திரும்பத் தயாரானோம். உம்மாவின் பையைத் தேடினேன், காணவில்லை. அது அறைக்குள் ஆணியில் தொங்கியது. உம்மா அடுப்படியில் பழஞ்சோற்றில் மீன் தலையைப் பிசைந்து கொண்டிருந்தார், பக்கத்தில் மண் டப்பா.

"நீங்க வரல்லையா உம்மா?"

"எப்படி வாறது? பொடியன் ஆட்டோட போயிருவான். இதுகளுக்கு ஆர் சோறு வைக்கிறது? பழகாத இடம், பாவம்."

அவ்வளவுதான் சொன்னார். நானாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். எத்தனை முறை நாங்கள் கெஞ்சியிருப்போம்! நம் பேச்சால் முடியாததை இரண்டு வாயில்லாப் பிராணிகளின் பசி செய்து விட்டது.

சகோதரிகளே, ஊருக்குத் திரும்புவது என்றால் காணி உறுதியும் தகரக் கூரையும் மட்டும் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவை வேண்டும்தான், அவற்றுக்காக எங்கள் மக்கள் இன்னும் அலைகிறார்கள். ஆனால் "நாளைக் காலையில் நான் இங்கே இருந்தாக வேண்டும்" என்று சொல்ல ஒரு காரணமும் வேண்டும். உங்கள் வீட்டிலும், ஊரை விட்டு வந்து மனம் ஒட்டாமல் இருக்கும் ஒரு முதியவர் இருக்கக் கூடும். அவருக்கு ஓய்வை மட்டும் கொடுக்காதீர்கள். கவனித்துக் கொள்ள ஓர் உயிரையும் கொடுங்கள். ஆட்டுக்குட்டியாகவும் இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம், ஒரு மாதுளங் கன்றாகவும் இருக்கலாம்.

லொறி திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். உம்மா படலையைப் பிடித்துக் கொண்டு நின்றார். கறுப்பன் அவருக்கு நாலடி தள்ளி, முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தான். பெயர் வைத்தாயிற்றா என்று கைத்தொலைபேசியில் பிறகு கேட்டேன்.

"கறுப்புக்கு வைச்சாச்சு" என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?